ஊர்க்கல் முதல் துலாமுத்திரை வரை: நாடுதோறும் வேறுபடும் பொன் முத்திரைச் சட்டங்கள்

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் உறவினர் கொண்டுவந்த நகையை ஒரு தேவைக்காக உள்ளூர்க் கடையில் விற்க முற்படுவோர் நம்மிடையே பலர். நகையின் கொக்கியில் 875 என்றோ 916 என்றோ எண் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் அவ்வெண்ணை ஒருமுறை நோக்கிவிட்டு, அதனைப் பொருட்படுத்தாமல் நகையை மீண்டும் சோதிப்பார். உருக்கிப் பார்த்த பின்னரே விலை கூற இயலும் என்பார். ஒரு நாட்டின் சட்டப்படி இடப்பட்ட முத்திரைக்கு மற்றொரு நாட்டில் மதிப்பில்லையா என்று விற்பவர் மனம் புழுங்குவர். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த் துறையின் மலரில் பொன் முத்திரைக்கு என்ன இடம் என்று சிலர் கருதக்கூடும். பொன்னின் தரத்தை அளந்து, அதற்குப் பெயரிட்டு, அதனை எழுத்தில் பொறித்தும் வைத்த மரபு தமிழருடையது. அம்மரபின் சொற்களைத் துணைக்கொண்டு நோக்கினால் இன்றைய சட்டங்களின் உட்பொருள் எளிதில் விளங்கும் என நாம் கருதுகிறோம்.

மாற்றும் கல்லும்

பொன்னின் தரத்தைக் குறிக்கும் பழைய அளவை 'மாற்று' என்பதாகும். கலப்பற்ற பொன்னைப் பத்தரை மாற்று என்றனர். காரட் கணக்கில் இது 24. எனவே 22 காரட் பொன் ஒன்பதரை மாற்றுக்குச் சற்றே மேற்பட்டதாக அமையும். இன்று உலக வழக்காக நிலைபெற்றிருப்பது, ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தூய பொன் என்று கூறும் முறை. அம்முறையில் 22 காரட் 916 ஆகும்; 21 காரட் 875; 18 காரட் 750; 14 காரட் 585; 9 காரட் 375.

பொன்னையும் காசையும் சோதித்து மதிப்பிட்டோர் வண்ணக்கர் எனப்பட்டனர். சங்கப் புலவர் சிலரின் பெயருக்கு முன் வண்ணக்கன் என்னும் அடைமொழி நிற்பதை மாணவர் அறிவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'தீப்போக்குச் செம்பொன்', 'ஊர்க்கற்செம்மைப் பொன்' ஆகிய தொடர்கள் காணப்படுகின்றன. முன்னது நெருப்பில் இட்டுத் தூய்மை கண்ட பொன்னைக் குறிக்கும். பின்னது, ஓர் ஊரார் பொதுவாக ஏற்றுக்கொண்ட கல்லின்படி செம்மை காணப்பட்ட பொன். இரண்டாவது தொடரை மாணவர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கல் அவ்வூருக்குரியது. அதன் தீர்ப்பை அவ்வூரார் ஏற்பர்; அடுத்த ஊராரும் ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் எதுவுமில்லை. நாம் எழுப்பிய வினாவின் வேர் இங்கேதான் உள்ளது.

கடல் கடந்த பொற்கொல்லர் தம் கல்லையும் உடன் கொண்டு சென்றமைக்குச் சான்று கிடைத்துள்ளது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குவான் லுக் பாட் என்னுமிடத்தில் சிறிய உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அதன்மீது 'பெரும்பதன் கல்' என்று தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அயல்நாட்டில் பொன்னை விற்கவோ வாங்கவோ நேர்ந்தவர்க்கு அந்நாட்டார் சொல்லை மட்டுமே நம்பியிருக்க மனம் ஒப்பவில்லை போலும்.

சாட்சி யார்?

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொண்டு சென்ற சிலம்பை மதிப்பிட்டவன், அரசியின் சிலம்பை முன்னரே கவர்ந்திருந்த பொற்கொல்லன் ஆவான். தன்னலம் உடைய ஒருவனே சாட்சியும் ஆனான். உண்மை வெளிப்படச் சிலம்பை உடைக்க வேண்டியதாயிற்று. உலக நாடுகளின் முத்திரைச் சட்டங்கள் எத்தனை வகையாக வேறுபட்டாலும் அவற்றின் அடியில் நிற்கும் வினா இதுவே: பொன்னின் தரத்துக்குச் சாட்சி கூறுவது யார்? விற்பவரா, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவரா?

மூன்றாமவரே சாட்சி என்னும் கொள்கையை நெடுங்காலமாகப் பேணிவரும் நாடு இங்கிலாந்து. முதலாம் எட்வர்டு மன்னன் 1300இல் பிறப்பித்த சட்டம், பொற்கொல்லர் குழுவின் காப்பாளர் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட்ட பின்னரே வெள்ளிப் பொருள் பட்டறையை விட்டு வெளியேற வேண்டும் என விதித்தது. செய்தவரின் அடையாளக் குறி 1363இல் கட்டாயமாயிற்று. 1478 முதல் பொருள்களை இலண்டனிலுள்ள பொற்கொல்லர் மண்டபத்துக்கே கொண்டுவந்து சோதித்து முத்திரை பெறும் வழக்கம் ஏற்பட்டது. மண்டபத்தில் இட்ட குறி என்பதுதான் 'ஹால்மார்க்' என்னும் சொல்லின் பொருள். நம் ஊர்க் கடைவீதிகளின் பெயர்ப்பலகைகளில் இன்று காணும் அச்சொல்லுக்குள் இலண்டன் நகரத்துக் கட்டடம் ஒன்று ஒளிந்திருப்பது சுவையான செய்தி.

அந்நாட்டில் இன்று நடைமுறையிலுள்ளது 1973ஆம் ஆண்டின் ஹால்மார்க் சட்டம். இலண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்டு, எடின்பரோ ஆகிய நான்கு நகரங்களின் சோதனை நிலையங்கள் முறையே சிறுத்தைத் தலை, நங்கூரம், ரோசா மலர், கோட்டை ஆகிய சின்னங்களை இடுகின்றன. பொறுப்பேற்பவரின் குறியும் தரத்தைக் குறிக்கும் எண்ணும் உடன் இருத்தல் வேண்டும். ஒரு கிராமுக்குக் குறைந்த பொன்னுக்கும், 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கும் விலக்கு உண்டு. இச்சட்டத்தின் கூர்மை யாதெனில், முத்திரை இல்லாத பொருளைப் 'பொன்' என்று சொல்லி விற்பதையே அது குற்றமாக்குகிறது. அப்பொருள் உண்மையில் பொன்னேயாயினும் விற்பவர் தப்ப முடியாது.

பிரான்சு 1838 முதல் 18 காரட் பொன்னுக்குக் கழுகுத் தலையை அடையாளமாகக் கொண்டுள்ளது. சுவிட்சர்லாந்தில் விலையுயர்ந்த உலோகத்தாலான கடிகாரக் கூடுகளுக்கு மட்டுமே அரசு முத்திரை கட்டாயம். ஏனைய நகைகளுக்கு உரியவர் விருப்பம். பனிமலையில் வழிதவறியோரை மீட்கும் செயிண்ட் பெர்னார்டு நாயின் தலை 1995 முதல் அந்நாட்டின் முத்திரைச் சின்னமாக விளங்குகிறது.

இவற்றுக்கு மாறாக, விற்பவரின் சொல்லையே ஏற்கும் நாடுகளும் உள்ளன. ஜெர்மனியில் 1884இல் இயற்றப்பட்டு 1888இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, செய்தவர் தம் பொறுப்பிலேயே தர எண்ணைப் பொறிக்கிறார். கதிரவனும் மணிமுடியும் பொன்னுக்கு உரியவை; பிறையும் மணிமுடியும் வெள்ளிக்கு உரியவை. இத்தாலியிலும் செய்தவரே குறியிடுவர். அமெரிக்காவில் சோதனை நிலைய முத்திரை என்பதே கட்டாயமன்று. அங்கு 1906ஆம் ஆண்டின் பொன் வெள்ளி முத்திரைச் சட்டம் கூறுவது, குறி இட்டால் அது மெய்யாக இருக்க வேண்டும் என்பதே. தரக் குறி இட்டவர் தம் வணிகச் சின்னத்தையும் அருகில் பொறிக்க வேண்டும் என்னும் விதி 1961இல் சேர்க்கப்பட்டது.

விற்பவரின் சொல்லை ஏற்கும் முறை தாழ்ந்தது என்று ஒரேயடியாக ஒதுக்க நாம் துணியவில்லை. ஜெர்மானியர் நூறாண்டுக்கு மேலாக அதனை நடத்திவருகின்றனர். எனினும் பொன்னின் தரம் கண்ணுக்குப் புலப்படாதது. உரைகல்லில் தேய்த்து அமிலம் இட்டுப் பார்ப்பவர் தரத்தை ஏறக்குறையவே கூற இயலும். எக்ஸ்-கதிர்க் கருவி நொடியில் எண்ணைக் காட்டும். ஆயினும் அது மேற்பரப்பையே அறியும். துல்லியம் வேண்டின் இன்றும் நெருப்பையே நாட வேண்டும். சுரண்டி எடுத்த சிறு துகளுடன் வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, குகையில் இட்டுக் கடும் வெப்பத்தில் காய்ச்சுவர். ஈயமும் செம்பு முதலிய கலப்புகளும் நீங்கும். எஞ்சிய மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டால் பொன் மட்டும் தங்கும். அதனை நிறுத்து, முன்னைய எடையோடு ஒப்பிடுவர். கல்வெட்டு கூறும் தீப்போக்குச் செம்பொன் நம் நினைவுக்கு வருகிறதன்றோ? இத்தகைய சோதனையை எந்த வாடிக்கையாளர் தம் வீட்டில் செய்ய இயலும்? ஆதலின் மூன்றாமவர் தேவை என்பதே நம் துணிபு. இடைக்கால இசுலாமிய நகரங்களில் அங்காடியின் எடைகளையும் அளவைகளையும் மேற்பார்த்த முஹ்தஸிப் என்னும் அலுவலர் பொற்கொல்லர் தொழிலையும் கண்காணித்ததற்கு இதுவே காரணமாகும்.

எல்லை கடக்கும் பொன்

இனி, நியூயார்க் நகரில் '14 காரட்' எனக் குறியிடப்பட்ட மோதிரம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 24இல் 14 என்பது கணக்குப்படி ஆயிரத்தில் 583.3 பங்கு. பற்றவைப்பு உள்ள நகையில் 7 பங்கு வரை குறைவை அமெரிக்கச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். எனவே 577 பங்கு பொன் உள்ள மோதிரமும் அங்கே 14 காரட்டாக விற்கத்தக்கதே. விற்றவர் எவ்விதக் குற்றமும் செய்தவராகார். அதே மோதிரம் இலண்டன் சோதனை நிலையத்துக்குச் செல்லுமாயின் 585 என்னும் படியை எட்டாது. பிரித்தானியப் பட்டியலில் அதற்கு அடுத்த கீழ்ப்படி 375தான். ஆகவே நியூயார்க்கின் 14 காரட் இலண்டனில் 9 காரட் ஆகிவிடும். மோதிரத்திலுள்ள பொன் ஓர் அணுவும் குறையவில்லை. அதனை அளந்த ஊர்க்கல்லே மாறியது.

நாடுதோறும் இவ்வாறு மறுசோதனை செய்வதால் வணிகர்க்குப் பொருளிழப்பும் காலத்தாழ்வும் நேர்ந்தன. இதற்குத் தீர்வாக 1972 நவம்பரில் வியன்னா நகரில் ஆஸ்திரியா, பின்லாந்து, நார்வே, போர்ச்சுகல், சுவீடன், சுவிட்சர்லாந்து, பிரித்தானியா ஆகிய ஏழு நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 1975இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. உறுப்பு நாடு ஒன்றின் சோதனை நிலையம் நகையைச் சோதித்துத் துலாக்கோல் வடிவமுடைய பொது முத்திரையை இடும். துலாக்கோலுடன் தரத்தின் எண், பொறுப்பேற்பவரின் குறி, சோதனை நிலையத்தின் குறி ஆகியனவும் அமையும். அம்முத்திரை பெற்ற நகையை ஏனைய உறுப்பு நாடுகள் மீண்டும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது. ஐயம் தோன்றின் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். இறக்குமதியைத் தடுக்கும் வண்ணம் அது அமைதல் கூடாது. தரத்தில் குறைவுக்கு இடமே தரப்படவில்லை. 585 என்றால் 585க்குக் கீழே ஒரு பங்கும் இறங்கக்கூடாது.

இவ்வுடன்படிக்கையில் நாம் வியப்பது அதன் அடக்கமே. எல்லா நாடுகளும் ஒரே தரத்தைக் கொள்ள வேண்டும் என்று அது கூறவில்லை. போர்ச்சுகல் நாட்டார் 19.2 காரட், அதாவது 800 பங்கு பொன்னை மரபாகப் போற்றுவர். பிரித்தானியப் பட்டியலில் அதற்கு இடமில்லை. தன் சட்டம் ஏற்காத தரத்தை ஒரு நாடு உடன்படிக்கையின் பொருட்டு ஏற்க வேண்டியதில்லை. சாட்சியை நம்புவோம், நம் அங்காடியின் படிகளை நாமே வகுப்போம் என்பது அதன் நிலைப்பாடு.

1994 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் இவ்வழியில் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. நெதர்லாந்துச் சட்டம் பற்றிய வழக்கு அது. ஓர் உறுப்பு நாட்டில் சார்பற்ற அமைப்பு இட்ட முத்திரை, இறக்குமதி செய்யும் நாட்டின் முத்திரைக்கு இணையான உறுதியைத் தந்து, அந்நாட்டு வாடிக்கையாளர்க்கும் விளங்குமாயின், புதிய முத்திரை கேட்டல் ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. இதில் 'சார்பற்ற', 'விளங்கும்' என்னும் இரு நிபந்தனைகளும் கருதத்தக்கவை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி இடைக்காலமும் முடிந்த பின், 2021 சனவரி முதல் அத்தீர்ப்பின் பயன் அந்நாட்டின் தேசிய முத்திரைக்குக் கிட்டாமற் போயிற்று. எழுநூறு ஆண்டுப் பழமையுடைய சிறுத்தைத் தலைக்கு இல்லாத உரிமை, உடன்படிக்கை நாடுகளில் ஐம்பது ஆண்டும் நிறையாத துலாக்கோலுக்கு இருந்தது. முத்திரையின் வலிமை பழமையால் அன்று, பிறர் ஏற்பால் வருவது.

இந்திய நிலை

இந்தியா வியன்னா உடன்படிக்கையில் சேர்ந்த நாடன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொன்னுக்கான முத்திரைத் திட்டத்தை 2000ஆம் ஆண்டில் விருப்ப அடிப்படையில் தொடங்கியது. இருபதாண்டுகளுக்குப் பின்னர், 2021 சூன் மாதத்தில் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட தனி அடையாளம் 2021 சூலை முதல் தரப்படுகிறது. எச்.யூ.ஐ.டி. எனப்படும் அவ்வடையாளம் இல்லாமல், முத்திரைக்குரிய பொன் நகையைக் கடைகள் விற்பது 2023 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டது.

இன்று நகையில் காணவேண்டிய குறிகள் மூன்று: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22கே916 என்பது போன்ற தரக் குறி, ஆறு இட அடையாளம். முன்னர் நான்கு குறிகள் இருந்தன. கடையின் குறியும் சோதனை நிலையத்தின் குறியும் நகையிலேயே காணப்பட்டன. இப்போது அவற்றை அறிய 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் அடையாளத்தை இட்டுப் பார்க்க வேண்டும். போலியைத் தடுக்க இம்முறை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டே படிக்கக்கூடியதாக இருந்த செய்தி, செயலியைப் பயன்படுத்த அறியாத மூத்தோர்க்கு எட்டாமற் போனது நமக்குக் குறையாகவே தோன்றுகிறது.

சட்டம் சில விலக்குகளையும் அளித்துள்ளது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வகை நகைகளுக்கும் முத்திரை வேண்டா. ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடைகளுக்கும் விலக்கு உண்டு. ஊர்ப் பத்தர் பலர் இதனால் தொழில் நடத்த முடிகிறது. நம் ஆய்வுக்கு இன்றியமையாதது ஏற்றுமதி நகைக்கான விலக்காகும். அயல்நாட்டு வணிகர் வேண்டும் தரப்படி செய்து அனுப்பும் நகைக்கு இந்திய முத்திரை கட்டாயமன்று. அயலார் ஊர்க்கல் வேறு என்பதை நம் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது எனலாம்.

வளைகுடாவில் வாங்கிய நகை

அரபு நாடுகளில் 21 காரட் நகை பெருவழக்காகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் விலையுயர்ந்த உலோக வணிகத்தையும் முத்திரையையும் முறைப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. ஆகவே அங்கு வாங்கிய நகையின் 875 என்னும் எண் வெறும் அலங்காரமன்று. ஆனால் இந்தியப் பட்டியலில் 9, 14, 18, 20, 22, 23, 24 காரட்டுகளே உள்ளன, 21க்கு இடமில்லை. அந்நகையை வாங்கும் கடைக்காரர் அதே வடிவில் மறுவிற்பனை செய்ய வேண்டுமாயின், 20 காரட் என்னும் கீழ்ப்படியில் முத்திரை பெற வேண்டும். அதனாலேயே உருக்கிவிட விரும்புகிறார். இதில் கடைக்காரரைக் குறைகூற இடமில்லை. ஆயினும், கீழ்ப்படியைக் காட்டி 20 காரட்டுக்குரிய விலையே தருவேன் என்பாராயின், விற்பவர் இணங்க வேண்டியதில்லை. உருக்கிய பின் சோதனை காட்டும் உண்மைத் தரத்துக்கே விலை கேட்டல் வேண்டும். 875க்கும் 833க்கும் உள்ள இடைவெளி 42 பங்கு. பத்துப் பவுன், அதாவது 80 கிராம் நகையில் அது 3.36 கிராம் தூய பொன்னாகும்.

'கே.டி.எம்.' என்னும் குறியைப் பற்றியும் ஈண்டுக் கூறுதல் தகும். அதனைத் தூய்மையின் முத்திரை என்றே நம் மக்கள் பலர் நம்பியிருந்தனர். அது காட்மியம் கலந்த பற்றாசையைக் குறித்ததேயன்றி எவ்வரசின் முத்திரையுமன்று. பழைய பற்றாசுப் பொடி நகையின் தரத்தைக் குறைத்தது. காட்மியம் அக்குறையை நீக்கியது உண்மை. ஆனால் அதன் புகை, ஊதுலையின் முன் அமர்ந்த பத்தரின் நுரையீரலைக் கெடுத்தது. இந்திய முத்திரைத் தரம் அதற்கு இடந்தருவதில்லை. 'பொடி வைத்துப் பேசுதல்' என்னும் நம் வழக்கு, பத்தர் பொடி வைத்து ஊதுவதிலிருந்து பிறந்தது என்பர், கே.டி.எம். விளம்பரங்களுக்கு அவ்வழக்கு மிகவும் பொருந்தும்.

இந்திய முத்திரையுடன் இங்கு வாங்கிய நகையில் தரம் குறைந்திருப்பின், அமைவனத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் இழப்பீட்டுக்கு வழி செய்துள்ளன. குறைந்த தரத்துக்குரிய தொகையை விற்ற எடைக்குக் கணக்கிட்டு, அதன் இருமடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் விற்றவர் தருதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 916 என முத்திரையிட்ட 24 கிராம் சங்கிலி சோதனையில் 875 எனத் தெரியவந்தால், குறைவு 41 பங்கு, அதாவது 0.984 கிராம் பொன். அதன் இருமடங்காகிய 1.968 கிராமின் விலை வாங்கியவர்க்கு உரியது. பொதுமக்கள் தம் நகையை ஏற்புப் பெற்ற சோதனை நிலையத்துக்குத் தாமே கொண்டுசென்று கட்டணம் செலுத்திச் சோதித்து அறிக்கை பெறலாம். ஆனால் உரிமை கோரக் கடைச் சீட்டு வேண்டும். அச்சீட்டில் நகையின் பெயர், பொன்னின் நிகர எடை, காரட் ஆகியன தனித்தனியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அயல்நாட்டில் வாங்கிய நகைக்கு இவ்விதி துணை வாராது. அங்கு முறையிட வேண்டியது அந்நாட்டுச் சட்டத்தின்படியே ஆதலின், அக்கடையின் சீட்டை நகையோடு சேர்த்தே ஊருக்குக் கொண்டுவருதல் வேண்டும்.